துவக்குத் தரப்படாத சிப்பாய்

1

நாளைக்கு இங்கே கந்தோர் இல்லை, விடுமுறை. ஏப்ரல் இருபத்தைந்து. முதலாம் உலகப்போரில் துருக்கிக் கரையில் இறங்கிச் செத்த தங்கள் பிள்ளைகளையும், பிறகு வந்த போர்களில் செத்தவர்களையும் இந்த நாட்டார் நினைக்கும் நாள். அன்சாக் தினம் என்பார்கள். விடியமுன் எழும்பிப் போய்க் நினைவுத் தூணின் முன்னால் நிற்பார்கள். பிறகு உயிரோடு இருக்கும் பழைய பட்டாளத்துக்காரர் கோட்டில் மெடல் குத்திக்கொண்டு நகரத்துக்குள் ஊர்வலம் போவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு குடி.

கந்தோரில் பக்கத்து மேசை வெள்ளைக்காரன் இன்றைக்குப் பென்சில் சீவிக்கொண்டே கேட்டான்.

"உங்கட நாட்டிலை இப்பிடி ஒரு நாள் இருக்கோ?"

"இல்லை."

"குடுத்து வைச்ச ஆக்கள்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

பத்திரிகை ஆசிரியர் ஐயா என்னிடம் கேட்டது அவுஸ்திரேலிய வாழ்க்கையைப் பற்றிய கட்டுரை. கங்காரு, பாலம், சம்பளம், குளிர் என்று எழுதலாம். வாசகர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான் என்று தெரியும். எழுத இருந்தால் என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஒரு மனிதரின் முகம்தான் வருகிறது. ஆகவே அவரைப் பற்றியே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2

நான் இருப்பது ஹோம்புஷில், அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடும் ஒரு பழைய வீட்டில். தெற்கத்தைக் காற்று அடித்தால் ஒன்றுமில்லை. மற்றப் பக்கத்தால் அடித்தால் மாடு அறுக்கும் மடுவத்தின் மணம் யன்னலை மூடினாலும் உள்ளே வரும். குசினி எல்லோருக்கும் பொது. வந்த புதிதில் ஒருநாள் மிளகாய் தாளிக்கப் போய், வீடு முழுக்க இருமிக்கொண்டு வெளியே ஓடியது. ஒரே ஒரு ஆள் மட்டும் உள்ளே வந்தார். உயரமான, கூன் விழாத, நல்ல கறுப்பான கிழவர்.

"கடைசியா இந்த வீட்டிலை ஒருத்தன் மனுசன் தின்னிற சாப்பாடு சமைக்கிறான்" என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். நான் கொடுப்பேனா என்று கேட்கவில்லை. சோற்றுக் கோப்பையை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

அவர்தான் மிஸ்டர் கிளாரன்ஸ். பிறந்தது ஜமேக்காவில். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோன இந்தியர்கள் அவர் ஊரிலும் இருந்தார்களாம், இதே மணத்தோடு சமைப்பார்களாம். கப்பலில் நெருப்பறையில் வேலை பார்த்து, சிட்னியில் ஒருத்தியைக் கட்டி, அவள் செத்து, பிள்ளை இல்லாமல் இந்த அறைக்கு வந்து சேர்ந்தவர். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன். என்னுடைய ஆங்கிலம் அவருக்குப் பெரிய பகிடி.

"நீ தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறது கோட்டிலை நீதவான் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருக்கு, மாஸ்டர்" என்பார். அதிலிருந்து எனக்கு மாஸ்டர் என்றே பெயர்.

முதலாம் உலகப்போருக்கு அவர் பத்தொன்பது வயதில் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தவர். ராசாவுக்காகச் சண்டை போட ஆள் தேவை என்று தேவாலயத்தில் சொன்னார்களாம். கப்பல் பனிக்கடலுக்குள் போய் மாட்டிக்கொண்டது. வெயில் நாட்டுப் பிள்ளைகளுக்கு மெல்லிய சீருடை. குளிரில் விறைத்துக் கால் விரல்கள் கறுத்துப் போயின. பலரை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். இவருக்கு இடது காலில் இரண்டு விரல் மட்டும் போனது, நடக்க முடிந்ததால் வைத்துக்கொண்டார்கள்.

"எந்தச் சண்டையிலை காயப்பட்டனீ எண்டு கேட்டா, நான் என்ன சொல்லுறது மாஸ்டர்? சண்டைக்குப் போக முந்தியே காயப்பட்டவன் எண்டு சொல்லுறதோ?"

பிரான்சில் இறக்கினார்கள். அங்கே அவர் தூக்கியது பீரங்கிக் குண்டுகள். கிடங்கிலிருந்து பீரங்கி வரைக்கும் சேற்றுக்குள்ளால், தலைக்கு மேல் எதிரியின் குண்டு வந்து விழ விழ. பக்கத்தில் தூக்கியவர்கள் செத்தார்கள். ஆனால் கையில் துவக்குத் தரவில்லை, சுட விடவில்லை.

"வெள்ளைக்காரனை நாங்கள் சுடக் கூடாதாம். ஜேர்மன்காரன் எதிரிதான், எண்டாலும் வெள்ளை. எங்கட ஆக்கள் கொஞ்சப் பேரைத் துருக்கிக்காரரோட சண்டைக்கு விட்டவங்கள். அவங்களைச் சுடலாமாம். விளங்குதோ? வெள்ளைத் தோலிலை ஓட்டை விழும் எண்டு எங்கட கண்ணாலை ஒருக்காப் பாத்திட்டமெண்டா, பிறகு வீட்டை போய் என்ன நினைப்பம் எண்டு பயம்."

அதிகாரியாக ஏற முடியாது, அதற்கு ஐரோப்பிய இரத்தமாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் இருந்தது. போர் முடிந்த பிறகு இத்தாலியில் ஒரு முகாமில் மற்றப் படைகளின் துணி தோய்க்கவும், கக்கூசு கழுவவும் விட்டார்கள். சம்பளம் கூட்டியபோது இவர்களுக்குக் கூட்டவில்லை. சிலர் குழம்பி, வேலை செய்ய மாட்டோம் என்று நின்றார்கள். குழம்பியவர்களைச் சிறையில் போட்டார்கள்.

"லண்டனிலை வெற்றி ஊர்வலம் நடந்தது மாஸ்டர். உலகத்திலை இருக்கிற எல்லாப் பட்டாளமும் நடந்தது. எங்களைக் கூப்பிடேல்லை. கப்பலிலை ஏத்தி அனுப்பிப் போட்டாங்கள். நான் சிப்பாய் எண்டு ஒருநாளும் ஒரு தெருவிலை நடக்கேல்லை."

இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. பாணைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல, "ஒருக்கா நடந்தாக் காணும், அது போதும்" என்றார்.

3

இந்தக் கதை என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்று வாசிப்பவர்களில் சிலருக்கு உடனே விளங்கும். சிலருக்கு விளங்காது. விளங்கினாலும் விளங்காதது போல இருப்பவர்களும் உண்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐயா, என்னுடைய தகப்பன், பனை ஏறுபவர். நான் சேர்ந்தபோது எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வாங்கு இல்லை, நிலம்தான். சிலேட்டு முழங்காலில் இருக்கும். வாங்கில் இருந்த பிள்ளைகளின் கால்களுக்குப் பக்கத்தில் என் தலை இருக்கும். கோயில் தேருக்கு முன்னால் கட்டும் குருத்தோலை ஐயா வெட்டிக் கொடுப்பது. ஓலையை வீதியில் போட்டுவிட்டு அவர் தள்ளிப் போய்விட வேண்டும். வடம் பிடிக்க விடமாட்டார்கள். ஆட்கள் குறைந்து தேர் இறுகி நின்ற வருஷத்திலும் விடவில்லை. அன்று ஐயா வேலிக்கு வெளியே நின்று, கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல், சால்வையைச் சுருட்டியும் விரித்தும் கொண்டிருந்தார்.

கிளாரன்ஸ் குண்டு தூக்கிய கதையைச் சொன்னபோது எனக்குத் தெரிந்தது அந்தக் கைகள்தான்.

அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. இந்தச் சிட்னியில் எவரிடமும் சொல்லவில்லை. இங்கே வந்து சேர்ந்த தமிழர் கொஞ்சப் பேர்தான். வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்த குடிவரவுச் சட்டத்தை எடுத்தே சில வருஷம்தான் ஆகிறது. அந்தக் கொஞ்சப் பேரும் சந்தித்தவுடன் கேட்பது, எவடம், எந்தப் பக்கம், ஐயா என்ன செய்கிறார் என்பதுதான்.

4

வென்ட்வேர்த்வில்லில் சோமு அண்ணை குடும்பம் இருக்கிறது. அண்ணை கணக்காளர். ரயிலில் நான் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதைப் பார்த்துத் தானாக வந்து கதைத்தவர். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன், இங்கே எல்லோரும் அன்ரி என்பதால் அதுவே நிலைத்துவிட்டது. ஒரே மகள் சுமதி. ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்ரி, "தமிழிலை சொல்லடி" என்பா. அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

முதல் ஞாயிறே அண்ணை கேட்டார்.

"ஐயா என்ன செய்யிறார் தம்பி?"

"தோட்டம்" என்றேன்.

போன வருஷம் மாசி மாதத்தில் நான் பழைய பட்டாளத்தார் கூடும் கிளப் ஒன்றுக்கு, கிளாரன்ஸ் அன்சாக் ஊர்வலத்தில் நடக்கலாமோ என்று கேட்கப் போனேன். கிளாரன்ஸுக்குச் சொல்லவில்லை. ஏதோ ஒரு சட்டம் தடுக்கும், அதை வாசித்து, அதற்கு எதிராக வாதாடலாம் என்று பெரிய ஆயத்தத்தோடு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நரைத்த மீசை, சிரித்த முகம்.

"பிரிட்டிஷ் படையிலை இருந்தவையோ? அவை ஒரு பிரிவாக் கடைசியிலை நடப்பினம். மெடலைக் குத்திக்கொண்டு வரச் சொல்லும். தடை ஒண்டும் இல்லை."

அவ்வளவுதான். எனக்கு நம்ப முடியவில்லை. வீட்டுக்கு ஓடாத குறையாக வந்து சொன்னேன். கிளாரன்ஸ் என் முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"பகிடி விடுறியோ, மாஸ்டர்?"

அதற்குப் பிறகு பின்னேரங்களில் பூங்காவில் நடந்து பழகினார். இரண்டு விரல் இல்லாத கால் வளைவில் திரும்பும்போது இழுபடும். "இடது, வலது" என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்வது பிழைத்தால், "நீ பட்டாளத்திலை இருந்திருந்தா எங்களைக் கடலுக்குள்ளை கொண்டுபோய் விட்டிருப்பாய்" என்று திட்டுவார். பெஞ்சில் இருந்த கிழவிகள் சிரிப்பார்கள். அவரும் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார்.

அவரிடம் இருந்த கோட் பூச்சி அரித்தது. அன்ரியிடம் சொன்னேன். "பழைய கோட்டைக் கொண்டு வாரும், அளவு பாத்துத் தைச்சுத் தாறன், பிறகு ஆளையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்றா. அண்ணை என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, நான் குறையாச் சொல்லேல்லை. நாங்கள் இப்பதான் வந்து கால் ஊண்டுறம். இவங்களோட கூடித் திரிஞ்சா வெள்ளைக்காரன் எங்களையும் இவங்கட கணக்கிலை போட்டிடுவான்."

ஊர்வலத்துக்கு முந்தின ஞாயிறு, கிளாரன்ஸ் தாடி வழித்து, சப்பாத்து மினுக்கி, என்னோடு வந்தார். அன்ரி நல்ல கோப்பையில் சோறு போட்டா. கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னா. தோள் சரி, கை சரி. நான் முன்பே கொண்டுபோய்க் கொடுத்த அவருடைய மெடல் இரண்டையும் புளி போட்டு, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி மினுக்கி வைத்திருந்தா. அவற்றை எடுத்து, எட்டாமல் குதிக்கால் உயர்த்தி, அவர் நெஞ்சில் வலது பக்கமாகக் குத்திவிட்டா.

"நல்ல காரியத்துக்கு வலப்பக்கம்" என்று எனக்குச் சொன்னா. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கிளாரன்ஸ் குனிந்து மெடலைப் பார்த்தார். பிறகு அன்ரியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"தாங்க் யூ, மேடம்" என்றார்.

சுமதி வந்து ஒரு மெடலைத் தொட்டுப் பார்த்து, ஆங்கிலத்தில், "நீங்கள் எத்தினை பேரைச் சுட்டனீங்கள்?" என்று கேட்டாள். "ஒருத்தரையும் இல்லை" என்றார். அவளுக்கு ஏமாற்றம்.

5

ஊர்வலத்தன்று காலை ரயில் முழுக்க மெடல் குத்திய கோட்டுகள். அன்று எவரும் அவரை முறைத்துப் பார்க்கவில்லை. எதிரே இருந்த ஒருவர் தலையை அசைத்து வணக்கம் சொன்னார். கிளாரன்ஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு மெல்ல ஏதோ இராகம் இழுத்தார். அவர் அப்படி இருந்ததை நான் முன்பு பார்த்ததில்லை.

பிரிட்டிஷ் படைக்காரர் கூடிய குறுகிய ஒழுங்கைத் தெரு ஒன்றில் போய் வரிசையில் நின்றோம். கையில் பட்டி கட்டிய ஒருவர் ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்றவர் சிவந்த மூக்குள்ள வெள்ளைக்காரக் கிழவர். விடியவே குடித்திருந்தார். அவருடைய மெடல்கள் வலது பக்கத்தில் தொங்கின.

பட்டி கட்டியவர் அவர் தோளில் தட்டிச் சிரித்தார்.

"பக்கம் மாறிப்போச்சு மேட். கண்ணாடி பாத்துக் குத்தினனீரோ?"

மேட் என்றால் இங்கே கூட்டாளி. வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற ஒருவர் வந்து கழற்றி இடது பக்கத்தில் குத்திவிட்டார். பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, தானே வாங்கிய மெடலை இடது பக்கம் குத்த வேண்டும், செத்துப்போன உறவினருடையது என்றால் வலது பக்கம் என்று. கிளாரன்ஸின் நெஞ்சுக்குக் கை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டி கட்டியவர் வந்தார். கிளாரன்ஸின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெடலைப் பார்த்தார். சிரிப்பு மாறி, முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"இந்த மெடல் ஆருடையது?"

நான் வாயைத் திறந்தேன். கிளாரன்ஸின் பிடி இறுகியது.

"சொந்தக்காரர் ஒராளுடையது, சேர்" என்றார்.

"இறந்திட்டாரோ?"

"ஓம், சேர். கனகாலம்."

"நல்லது, அவருக்காக வந்திருக்கிறீங்கள். இந்தப் பிரிவிலை உறவினரை விடுறேல்லை. வாருங்கோ, நல்ல இடம் தாறன்."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நடைபாதையின் முன்வரிசையில் இடம் எடுத்துக் கொடுத்து, எங்கிருந்தோ ஒரு கதிரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கிளாரன்ஸ் அதில் இருக்கவில்லை. மேளமும் ஊதுகுழலுமாக ஊர்வலம் முடியும்வரை நின்றார். சிவந்த மூக்குக் கிழவர் எங்களைக் கடந்து போனபோது கையசைத்தார். "இப்ப போய்ச் சொல்லுவம், இன்னும் நேரம் இருக்கு" என்று நான் எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும்போது ரயிலில் இடம் நிறைய இருந்தது.

"உங்களுக்குப் பக்கம் தெரியாதே?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"தெரியும். கோட்டுத் தைச்சுத் தந்த அந்தப் பிள்ளை குத்தேக்கை நான் சொன்னா முகம் வாடிப் போகும் எண்டு விட்டனான். அங்கை போய் மாத்துவம் எண்டுதான் இருந்தனான்."

"அப்ப ஏன் மாத்தேல்லை? என்னையும் விடேல்லை?"

இரண்டு ஸ்டேஷன் போனது.

"முன்னாலை நிண்டவனுக்கு என்ன சொன்னவன், கேட்டனியெல்லே? பக்கம் மாறிப்போச்சு மேட் எண்டு. எனக்கும் அப்பிடிச் சொல்லுவானோ எண்டு பாத்தனான், மாஸ்டர். பகிடியா, தோளிலை தட்டி. அப்பிடி ஒருத்தன் சொன்னாக் காணும் எண்டு நினைச்சிட்டன். ஊர்வலத்தைவிட அது பெரிசாத் தெரிஞ்சுது அந்த நேரம்."

பிறகு மெடல்களைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டார். இடது பக்கம் குத்தவில்லை.

"அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லாதை" என்றார். "நான் நடந்தனான் எண்டு சொல்லு."

6

சொன்னேன். அன்ரிக்கு வாயெல்லாம் சிரிப்பு. சந்தித்தவர்களுக்கெல்லாம் தான் தைத்த கோட்டோடு அவர் நடந்த கதையைச் சொன்னா. அண்ணைகூட, "பரவாயில்லை, இந்த நாடு மாறுது" என்றார்.

குளிர்காலம் தொடங்க கிளாரன்ஸுக்குச் சளி பிடித்தது. பூங்காவுக்குப் போவதை ஊர்வலத்தன்றே விட்டிருந்தார். குசினிக்கும் வருவதில்லை. சோற்றை நான் அறைக்குக் கொண்டுபோனால், அப்படியே திரும்பி வரும். "இருமலா, டொக்டரிட்டைப் போவமா" என்றால், "ஏன்?" என்பார். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய நாளில் மூச்சுத்தான் இருந்தது, பேச்சில்லை. அடக்கத்துக்கு வீட்டுச் சொந்தக்காரர், நான், அன்ரி. கிளப்பில் போய்ச் சொன்னேன். நரைத்த மீசைக்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டு, அந்தப் பெயர் தங்கள் பதிவில் இல்லை என்றார்.

போன ஞாயிறு நான் வென்ட்வேர்த்வில் போயிருந்தேன். சுமதி பள்ளிக்கூடத்தில் அன்சாக் தினப் பாடம் படித்துவிட்டு வந்து, மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். சிப்பாயின் நெஞ்சில் மெடல் கீறும்போது தாயிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அன்ரியின் கை கறிச்சட்டியிலேயே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினா.

"தம்பி, மெடல் இடப்பக்கமோ குத்துறது?"

"ஓம் அன்ரி."

"நான் வலப்பக்கம் எல்லோ குத்தினனான்." முகம் வெளுத்திருந்தது. "அவர் உண்மையா நடந்தவரோ?"

இதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. இல்லை என்றேன். விடவில்லை என்றேன். முன்னால் நின்றவரைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன்.

சுமதி பென்சிலை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர்களின் பேச்சும் முழுக்க விளங்குகிறது என்பதை அன்றுதான் கண்டேன். என்னைப் போல, தாயைப் போல, மண்ணிறக் கை. இந்த நாட்டை விட வேறு நாடு நினைவில் இல்லாத பிள்ளை. அண்ணை பத்திரிகையை இறக்கிவிட்டு, கண்ணால் எனக்கு வேண்டாம் என்று காட்டினார்.

அன்ரி மகளை ஒருதரம் பார்த்தா. பிறகு என்னிடம் கிட்ட வந்து, கெஞ்சுகிற குரலில் கேட்டா.

"பக்கம் மாறினதாலைதானே தம்பி? நான் சரியாக் குத்தியிருந்தா விட்டிருப்பாங்கள்தானே?"

அவவுக்குப் பதில் தெரிந்திருந்தது. பிழை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறா என்பது எனக்கும் விளங்கியது.

"ஓம் அன்ரி" என்றேன். "பக்கம் மாறினதாலைதான்."

அன்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டா. சுமதி தன் சிப்பாய்க்கு இடது பக்கத்தில் மெடலைக் கீறி, முகத்துக்கு ரோஸ் நிறம் தீட்டத் தொடங்கினாள்.